நான் போட்ட கோடு

காரைக்குடிப் பக்கம் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளியின் பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் பாதிப் பழி அங்கே போய்விடும். என் பங்கை நானே வைத்துக்கொள்கிறேன்.

வகுப்பாசிரியருக்கு ஆண்டுதோறும் ஒரு படிவம் வரும். முதலில் தாளாக வந்தது, பிறகு எமிஸ் என்று கணினிக்குள் போனது. வகுப்பில் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வகை என்று கேட்பார்கள். பார்வை, செவி, கை கால் என்று தொடங்கி மனவளர்ச்சிக் குறைபாடு, கற்றல் குறைபாடு, ஆட்டிசம் வரைக்கும் கட்டம் கட்டமாகப் போகும். காதில் கருவி மாட்டிய பிள்ளையோ காலைச் சாய்த்து நடக்கும் பிள்ளையோ இருந்தால் எழுதிவிடுவேன். அது ஊருக்கே தெரிந்த சங்கதி. மீதிக் கட்டங்களுக்கு ஸ்கேலை வைத்து மேலிருந்து கீழே ஒரே கோடு, கோட்டின் குறுக்கே ‘இல்லை’. கணினிக்குப் போன பிறகும் அதே ‘இல்லை’தான். தமிழாசிரியை அல்லவா, எழுத்து முத்து முத்தாக இருக்கும். படிவத்தை எப்படி நிரப்புவது என்று தெரியாத புது ஆசிரியர்களுக்கு என்னுடையதைத்தான் மாதிரியாகக் காட்டுவார்கள்.

அந்தக் கோடு பொய். ஒவ்வொரு வருஷமும் பொய்.

2018-ல் ‘பிளாஸ் மெடிசின்’ என்ற மருத்துவ இதழில் ஓர் இந்திய ஆய்வு வெளிவந்தது. இமாச்சலத்தின் காங்ரா, அரியானாவின் பல்வல், ஒடிசாவின் தேன்கனால், வட கோவா, ஐதராபாத் என ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளைத் தேடிப்போய்ச் சோதித்திருக்கிறார்கள். பார்வை, செவி, வலிப்பு, பேச்சு, அறிவு வளர்ச்சி, ஆட்டிசம், கவனம் நிலைக்காமை, கற்றல் குறைபாடு என்று எல்லாம் சேர்த்துப் பார்த்ததில், ஏறக்குறைய எட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு ஏதோ ஒன்று இருந்தது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பு என்றால் ஐந்து பேர். நான் கோடு போட்ட கட்டங்களில் பூச்சியம். காங்ராவுக்கும் கோவாவுக்கும் வந்தது காரைக்குடிக்கு மட்டும் வராமல் வழியில் இறங்கிவிட்டதாக நம்பச் சொன்னது என் ஸ்கேல்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. வட்டார வள மையத்தில் எங்களுக்குப் பயிற்சி நடந்தது. சிறப்புப் பயிற்றுநர் ஒரு பெண், என் மாணவி வயதுதான் இருக்கும், கரும்பலகையில் எழுதி எழுதி விளக்கினாள். எழுத்துகளை இடம் மாற்றிப் போடுகிற பிள்ளை, வாசிக்கும்போது வரியைத் தாண்டிவிடுகிற பிள்ளை, பலகையில் இருப்பதைப் பார்த்தெழுத மற்றவர்களைவிட இரு மடங்கு நேரம் எடுக்கிற பிள்ளை, வாயால் கேட்டால் சொல்லிவிட்டு எழுதச் சொன்னால் முழிக்கிற பிள்ளை. இப்படி ஒரு பட்டியலை அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து மடியில் காலாண்டுத் தேர்வுத் தாள்களை வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது என்பது ஞாபகம் இருக்கிறது. பட்டியலைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அந்தப் பட்டியல் அச்சு அசலாக என் எட்டாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. 2013 வாக்கில் நடந்தது இது. அப்பா மலேசியாவில் உணவுக்கடை வேலை, அம்மா வீட்டில், பையனை வளர்த்தது அப்பத்தா. பாடத்தை ஒருமுறை வாசித்தால் போதும், அப்படியே திருப்பிச் சொல்வான். மனப்பாடப் பகுதியில் குறள் பத்தையும் மற்ற பிள்ளைகள் புத்தகத்தை வைத்துக்கொண்டு முட்டி மோதும்போது, இவன் அவர்கள் ஓதுவதைக் காதால் கேட்டே முடித்திருப்பான். எழுந்து நின்று தடங்கலில்லாமல் ஒப்பிப்பான். தேர்வுத் தாளைத் திருப்பினால் அதே பகுதியில் வெற்றிடம், அல்லது யாராலும் படிக்க முடியாத ஏதோ ஒன்று.

அவன் எழுத்தை இப்போதும் கண்முன் கொண்டுவர முடியும். ‘கொ’ எழுத வேண்டுமானால் வாய் முதலில் ‘க’ என்கிறது, கையோ அதற்கு முன்னால் ஒற்றைக் கொம்பைப் போட வேண்டியிருக்கிறது. அவன் ‘கா’ என்று எழுதிவிட்டுக் கொம்பை எங்கே செருகுவது என்று தேடுவான். சில சமயம் பக்கத்து எழுத்துக்குப் போட்டுவிடுவான். புள்ளிகள் மொத்தமாக விட்டுப்போகும், இல்லையென்றால் வரியின் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து வைப்பதுபோல் வரிசையாக விழும். இரண்டு சுழி ‘ன’வும் மூன்று சுழி ‘ண’வும் அவனுக்குப் பெரும் பாடு. சுழிக்க ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரியாது. நான்கு, ஐந்து என்று போய்க்கொண்டே இருக்கும்.

இதை நான் ‘திமிர்’ என்று வாசித்தேன். வாய் கிழியப் பேசுகிறான், எழுத உடம்பு வணங்கவில்லை என்பது என் தீர்ப்பு. ஒருநாள் பலகைக்குக் கூப்பிட்டு ‘அண்ணன்’ என்று எழுதச் சொன்னேன். எழுதத் தெரியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன். அவன் சுழித்துக்கொண்டே போனான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அடித்திருந்தால்கூட ஒருவேளை மறந்திருப்பான். கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு பிரம்பை எடுப்பதில்லை என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட காலம் அது. மனதைத் துன்புறுத்துவதையும் அதே சட்டம் தடுக்கிறது. சிரிப்பை நாங்கள் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

1896-ல் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், பதினாலு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் சின்னக் குறிப்பு ஒன்று எழுதினார். கண் நன்றாக இருக்கிறது, அறிவு கூர்மையாக இருக்கிறது, கணக்கு வருகிறது, எழுத்து மட்டும் வாசிக்க வரவில்லை. கற்றல் குறைபாட்டைப் பற்றிய மருத்துவ வரலாற்றை எழுதுகிறவர்கள் அநேகமாக அங்கிருந்துதான் தொடங்குவார்கள். அந்தக் குறிப்பில் என்னைக் குத்திய இடம் வேறு. பாடமெல்லாம் வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக மார்கன் பதிந்திருக்கிறார். அந்த ஆசிரியருக்குப் பயிற்சி கிடையாது, பட்டியல் கிடையாது, வட்டார வள மையம் கிடையாது. பையனைப் பார்த்தார், அவ்வளவுதான். அவருக்கு நூறு வருஷத்துக்கும் மேல் பின்னால் வந்த எனக்கு, அதே வயதுப் பையன், அதே அறிகுறி. நான் பலகைக்குக் கூப்பிட்டேன்.

அப்பத்தா கண்டுபிடித்திருந்தாள். கைநாட்டு வைக்கிற கிழவி. பெற்றோர் கூட்டத்துக்கு வந்து எல்லோரும் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தாள்.

“டீச்சரம்மா, எம் பேரனுக்குப் படிப்பு ஏறலைன்னு மட்டும் சொல்லாதீக. காதால கேட்டா கப்புன்னு புடிச்சுக்கிறான். கண்ணால பாத்தாத்தான் எழுத்து நிக்க மாட்டேங்குதாம். ஆடுதுங்கிறான். இதுக்குன்னு டாக்டரு யாரும் இருக்காகளா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல அப்பத்தா. சேட்டை. சாயங்காலம் ஒரு மணி நேரம் உக்கார வச்சு காப்பி ரைட்டிங் எழுதச் சொல்லுங்க, சரியாப் போயிரும்.”

அவள் சொன்னதற்கும் பீரோவில் நான் பூட்டி வைத்த பட்டியலுக்கும் ஒரு சொல் வித்தியாசம் இல்லை. என் பதிலைக் கேட்டுவிட்டுக் கும்பிட்டுப் போனாள். கார்த்திகைக்குக் கார்த்திகை பையனைக் குன்றக்குடிக் கோயிலுக்குக் கூட்டிப்போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவளால் ஆனது அது.

என்னால் ஆனது என்ன என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். 2013-ல் மத்திய அரசின் சிறார் நலத் திட்டம் தொடங்கியது. மருத்துவக் குழு வேனில் பள்ளிக்கே வரும். பிறவிக் குறைகள், சத்துக் குறைவு, நோய்கள், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்க வேண்டும் என்பது திட்டம். தேவைப்பட்டால் மாவட்ட அளவில் உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். எங்கள் பள்ளிக்கும் வேன் வந்தது. பல்லைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், இமையை இறக்கி ரத்தசோகை பார்த்தார்கள். ஒரு நாளில் எத்தனை பிள்ளைகளைத்தான் பார்ப்பார்கள்? படிப்பில் யாராவது ரொம்பப் பின்தங்கியிருக்கிறார்களா என்று என்னைத்தான் கேட்டார் டாக்டர். “எல்லாரும் நார்மல்தான் சார்” என்றேன். மூன்றாவது பெஞ்சு எனக்குப் பின்னால் இருந்தது.

அடுத்தது இன்னும் மோசம்.

எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது. பத்தில் பொதுத்தேர்வு. இடையில் இருக்கிறது ஒன்பது. நூறு சதவீதத் தேர்ச்சி என்று பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் கட்டுகிற பல பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு எதற்குப் பயன்படுகிறது என்று ஆசிரியர்களாக இருந்த எல்லோருக்கும் தெரியும். எழுத்தில் எதுவும் இருக்காது. ‘இந்தப் பையனால் முடியாது, நீங்களே டி.சி. வாங்கிக்கொண்டால் அவனுக்கும் நல்லது, டுடோரியலில் சேர்த்துத் தனித்தேர்வராக எழுதட்டும்’ என்று அன்பாகப் பேச வேண்டும். அப்படி அன்பாகப் பேச ஓர் ஆள் வேண்டும். பெற்றோருக்கு என்மேல் மரியாதை இருந்ததால் அந்த ஆள் நான். பையன் ஒன்பதுக்கு வந்த பிறகு ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்கே போனேன். அந்த அம்மா மோர் கொடுத்தாள். அப்பத்தா தூணில் சாய்ந்து உட்கார்ந்து நான் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டர் யாராவது இருக்கிறாரா என்று ஒருமுறை கேட்டதை மறுபடி கேட்கவும் இல்லை. டி.சி.யில் நடத்தை ‘நன்று’ என்று என் கையாலேயே எழுதினேன்.

இதில் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. கற்றல் குறைபாடு என்று மருத்துவச் சான்று இருந்தால், பத்தாம் வகுப்புத் தேர்வில் சொல்வதை எழுத ஆள் தருவார்கள், கூடுதலாக ஒரு மணி நேரம் தருவார்கள், மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்குக்கூடக் கேட்கலாம். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் ஏற்பாடு இது. வாயால் சொல்லச் சொன்னால் வகுப்பிலேயே முதலில் வரக்கூடிய பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சுற்றறிக்கை எங்கள் அலுவலகக் கோப்பில் இருந்தது. சான்று வாங்க யாராவது ஒருவர் முதலில் ‘இருக்கிறது’ என்று எழுத வேண்டும். எழுத வேண்டிய கட்டத்தில் என் கோடு.

அவன் தனித்தேர்வராக எழுதினான். கணக்கில் தேறினான். தமிழில் போனது. மறுபடியும் எழுதினான், மறுபடியும் தமிழில் போனது. பிறகு விட்டுவிட்டான்.

இப்போது முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் இருக்கிறான். பழைய வீடுகளை இடிக்கும்போது வருகிற தூண், கதவு, எனாமல் கூஜா, ரவிவர்மா படம், பர்மாவிலிருந்து வந்த அரக்குப் பாத்திரம் என்று தெருவே நிறைந்து கிடக்கும். ஒரு பித்தளைத் தூக்குச்சட்டியைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் எந்தக் காலத்தது, பிடி பிற்பாடு மாற்றியதா என்று சொல்லிவிடுகிறான். பில் போட வேறு ஆள். போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது என்னைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். “என்னப்பா, வெளிநாடு எதுவும் முயற்சி பண்ணலையா” என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் இருபத்தைந்து வயதுப் பையனிடம் வேறு என்ன கேட்பார்கள்? பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கும். மலேசியாவுக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போவதானால் குடியேற்ற அனுமதி தனியாக வாங்க வேண்டும். அப்பா வேலை பார்த்த கடையில் இடம் இருந்ததாம். ஏஜென்ட் கேட்ட பணமும் அலைச்சலும் கட்டுப்படியாகவில்லை, அதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். “பரவால்ல டீச்சர், இங்கயே நல்லாத்தான் இருக்கு” என்றான்.

‘பையன் நல்லாத்தானே இருக்கான்’ என்பது ஆசிரியர்களுக்கு மிகப் பிடித்த வாக்கியம். நாம் செய்ததையும் செய்யாததையும் அது ஒரே வீச்சில் மூடிவிடும். அவன் நன்றாக இருப்பது அவன் சாமர்த்தியம். அதில் எனக்குப் பங்கு கிடையாது.

2025-ல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் எங்கள் சிவகங்கை மாவட்டம் 98.31 சதவீதத்துடன் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. உழைத்த ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் எனக்குத் தெரியும், அந்த வெற்றியில் நான் கல்லெறியப் போவதில்லை. என் காலத்தில் என் வகுப்புச் சதவீதம் எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். வகுத்துப் பார்க்கும் முன்பே கீழே இருக்கும் எண்ணைக் குறைத்துவிட்டோம்.

இதையெல்லாம் நானாகவே யோசித்துத் தெளிந்தேன் என்று நினைக்க வேண்டாம். தங்கச்சி மகள் அமெரிக்காவில், கலிபோர்னியாவில் இருக்கிறாள். அவள் குழந்தைக்கு இரண்டு வயதிலேயே ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். போனில் அழுதாள். நான் ஆறுதல் சொல்வதாக நினைத்து, “அமெரிக்காவுல எதுக்கெடுத்தாலும் ஒரு பேரு வைப்பாங்கடி. நம்ம பக்கம் பேச்சு லேட்டா வந்த பிள்ளைங்க எத்தனை பேரு! எங்க காலத்துல இதெல்லாம் கிடையாது. எல்லாம் இந்த செல்போன் வந்த பிறகு வந்த கேடு” என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “இத்தனை வருஷம் டீச்சரா இருந்தீங்களே பெரியம்மா, ஒரு பிள்ளையைக்கூடவா பார்க்கலை?”

“இல்லை” என்றேன். பழக்க தோஷம்.

அதற்குப் பிறகுதான் தேடித் தேடி வாசிக்க ஆரம்பித்தேன். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் எட்டு வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கிறது. 2000-க்கான கணக்கில் 150 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் என்றது, 2022-க்கான கணக்கில் 31 பேரில் ஒருவர். இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு உலகமே கெட்டுப்போய்விட்டது என்று பேசுகிறவர்கள் நிறைய. அதே 2022 கணக்கின் உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு. டெக்சாஸின் எல்லையோரம் லாரேடோ என்ற ஊரில் ஆயிரத்துக்குப் பத்துப் பேர்கூட இல்லை, கலிபோர்னியாவில் ஆயிரத்துக்கு 53 பேர். ஒரே நாடு, ஒரே வருஷம், ஐந்து மடங்கு வித்தியாசம். கலிபோர்னியாவில் கணக்கெடுத்த வட்டாரத்தில் குழந்தை மருத்துவர்கள் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சின்ன வயதிலேயே கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்தார்கள், அதனால் தெரிந்தது. லாரேடோவின் எண்ணைப் படித்தபோது எனக்கு எங்கள் பள்ளி அலுவலக அறைதான் நினைவுக்கு வந்தது.

தென்கொரியாவில் கோயாங் என்ற நகரத்தில் மருத்துவமனைக் கணக்கை நம்பாமல் பள்ளிப் பிள்ளைகளையே மொத்தமாகச் சோதித்திருக்கிறார்கள். 2011-ல் வெளிவந்த ஆய்வு. 7 முதல் 12 வயதுக்குள் நூற்றுக்கு 2.64 பேருக்கு ஆட்டிசம். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் சாதாரணப் பள்ளியில், சாதாரண வகுப்பில், யாரும் கண்டுபிடிக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள். கொரியாவிலும் என்னைப்போல டீச்சர்கள் இருந்திருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் அற்ப சந்தோஷம் வந்ததை ஒளிக்கவில்லை.

துறுதுறுப்பும் கவனம் நிலைக்காமையும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. விஷயத்தில் இன்னும் தெளிவு. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2014-ல் ஒரு குழு ஒப்பிட்டது. ஒரே அளவுகோலால் அளந்தால் முப்பது ஆண்டுகளில் பிள்ளைகளிடம் அது கூடவே இல்லை என்பது முடிவு. மருத்துவர் கொடுத்த சீட்டுகள் கூடின, பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். இந்தியாவில் 1990 முதல் 2017 வரையிலான நோய்ச்சுமைக் கணக்கும் ‘லான்செட்’ குழும இதழில் வந்திருக்கிறது. சிறுவயதில் தொடங்கும் மனவளர்ச்சிச் சிக்கல்களின் விகிதம் பொதுவாகக் குறைந்திருக்கிறதே தவிரக் கூடவில்லை. ஆக ‘எங்க காலத்துல கிடையாது’ என்று நான் சொன்னது தலைகீழ். என் காலத்தில் நிறையவே இருந்தது.

சொல்லப்போனால் டீச்சர் ஆவதற்கு முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் அம்மா விசேஷ வீடுகளுக்குப் பலகாரம் செய்யப் போவாள். மனகோலம், தேன்குழல், சீப்புச்சீடை. கூடவே நானும் போய் மாவு சலித்துக் கொடுப்பேன். நகரத்தார் வீடு ஒன்றில் இரண்டாங்கட்டில் ஒருவர் இருப்பார், வயது நாற்பதுக்கு மேல். யார் முகத்தையும் பார்க்க மாட்டார். அந்த வளவில் நடந்த கல்யாணங்கள் அத்தனைக்கும் தேதி, கிழமை, நட்சத்திரம் சொல்வார். யாராவது விளக்கை இடம் மாற்றி வைத்தால் மட்டும் அலறுவார். வீட்டு ஆச்சி அவரைத் திட்டாமல், விளக்கு வைக்கிற வேலையை அவரிடமே கொடுத்திருந்தார். கல்யாணம் ஆனால்தான் நகரத்தார் கணக்கில் ஒரு புள்ளி. அவருக்கு ஆகவில்லை. கோயில் வரிக் கணக்கிலும் அவர் இல்லை, எந்த மருத்துவர் கணக்கிலும் இல்லை. ஆனாலும் அந்த ஆச்சி அவரைச் சரியாகப் பார்த்துவைத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அந்த அளவு கூர்மை பி.எட். படித்த எனக்கு இல்லை.

எல்லாமே எண்ணிக்கை விளையாட்டு என்று சொல்லிவிட்டு நகரவும் முடியாது. மனச்சோர்வு, பதற்றம் இரண்டும் இன்னொரு வகை. அதே 1990-2017 கணக்கில் மனச்சோர்வு விகிதம் அதிகமான மாநிலம் தமிழ்நாடு. அது எல்லா வயதுக்குமான எண். பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு 13 முதல் 17 வயதுக்குள் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேல் ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் உலக அளவில் 10 முதல் 19 வயதுக்குள் ஏழில் ஒருவர் என்கிறது. கொரோனாவின் முதல் வருஷத்தில் மனச்சோர்வும் பதற்றமும் உலகம் முழுக்கக் கால் பங்கு கூடியதாகவும், இளம் வயதினரையும் பெண்களையும் அது அதிகம் பிடித்ததாகவும் அதே நிறுவனம் சொன்னது.

கொரோனாவுக்குப் பிறகு 2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பதாம் வகுப்பு திறந்தது. ஜன்னலோரம் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். முன்பு ஆறாம் வகுப்பில் வாயாடி. இப்போது பேச்சே இல்லை. திங்கட்கிழமை இறைவணக்கத்தின்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இஞ்சி மிட்டாய் கொடுத்தேன். இரண்டு மூன்று வாரம் இதே கதை என்றதும் நடிக்கிறாள் என்று பக்கத்து டீச்சரிடம் சொன்னேன். மற்ற நேரத்தில் இருக்கிற இடம் தெரியாமல் இருந்ததால் ரொம்பப் பிடித்துப்போனது. ஆண்டு விழாவில் ஒழுக்கமான மாணவி என்ற பரிசுக்கு அவள் பெயரை எழுதிக் கொடுத்ததும் நான்தான். சத்தம் போடாத பிள்ளைகளுக்கு நான் எப்போதும் நல்ல டீச்சர். அவள் பல மாதங்களாக ராத்திரி தூங்கவில்லை என்பதையும், கையில் கீறிக்கொள்கிறாள் என்பதையும் கண்டுபிடித்தது சாயங்காலம் டியூஷன் எடுத்த கல்லூரிப் பெண். முழுக்கைச் சட்டையை மடித்துவிடச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தார்கள். இப்போது தேவலை என்று அவள் அம்மா சொன்னார். என்மேல் அவர்களுக்குக் கோபமில்லை. பரிசுக் கோப்பை அவர்கள் வீட்டு அலமாரியில் இருந்தது.

ஏன் எழுதவில்லை என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். முதலில் கௌரவமான பதில்கள்தான் வரும். ‘இருக்கிறது’ என்று எழுதினால் பிள்ளையின் பெயர் கெடும், நாளைக்கு அக்கா தங்கை கல்யாணத்துக்கு இடைஞ்சல், ஊர் ஒரு மாதிரி பேசும். இது கொஞ்சம் உண்மை. சம்பந்தம் பேச வந்தவர்கள் இந்தக் காரணத்துக்காகத் திரும்பிப்போனதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் என்னிடம் எந்தப் பெற்றோரும் எழுத வேண்டாம் என்று கெஞ்சியதில்லை. அப்பத்தா எழுதச் சொல்லித்தான் வந்தாள். அடுத்த பதில் சோம்பல். ஒரு கட்டத்தில் பெயர் எழுதினால் அதோடு முடியாது. வட்டார வள மையத்திலிருந்து ஆள் வரும், பெற்றோரை வரவழைக்க வேண்டும், சிவகங்கைக்கு அனுப்ப வேண்டும், திரும்பி வந்தார்களா என்று பார்க்க வேண்டும், அவனுக்கென்று தனியாகப் பாடம் தயாரிக்க வேண்டும். கோடு போட்டால் அஞ்சு நிமிஷம். இதுவும் உண்மை.

இன்னும் அடியில் போனால், பயம். தமிழ் டீச்சர் வகுப்பில் தமிழ் எழுதத் தெரியாத பையன் இருக்கிறான் என்றால் யாருக்குக் கேவலம்? பையன் திமிர் பிடித்தவன் என்றால் பழி அவனுக்கு. அவனுக்கு வேறு மாதிரிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால், அப்படிச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது என்பதும் வெளியே வந்துவிடும். நான் நல்ல டீச்சர் என்ற பெயரோடு ஓய்வு பெற விரும்பினேன். பெற்றேன். பொன்னாடை போர்த்தினார்கள். பேசியவர்கள் எல்லோரும் என் கையெழுத்தைச் சொன்னார்கள்.

2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்து ஏழு வகை என்றிருந்ததை 21 ஆக்கியது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. அதற்குப் பிறகும் நான் பணியில் இருந்தேன். அதற்குப் பிறகும் கோடுதான். ஆகவே சட்டம் இல்லாத காலம் என்ற சால்ஜாப்பும் எடுபடாது.

அப்பத்தா இறந்துவிட்டாள். துக்கத்துக்குப் போகவில்லை, ஏதோ கல்யாணம் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். பையனிடம் இதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். உன்னிடம் திமிர் இல்லை, உனக்குச் சலுகை இருந்தது, நான் தரவில்லை என்று அந்தக் கடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே சொல்லியிருக்கலாம். டீ வாங்கிக் கொடுத்தான், குடித்துவிட்டு வந்தேன். பத்திரிகைக்கு எழுதுவது அதைவிடச் சுலபமாக இருக்கிறது. ஏன் சுலபம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இது எத்தனை பேர் கைக்குப் போனாலும் அவன் இதைப் படிக்க மாட்டான். யாராவது வாசித்துக் காட்ட வேண்டும், அது நானாகத்தான் இருக்க வேண்டும். இன்னும் போகவில்லை.